உலகம்மாளின் ஓலைக் காற்றாடி

ஆனி பிறந்ததும் கணவாய் வழியாக இறங்கி வந்து, கொடியில் காயும் வேட்டிகளை அடுத்த ஊர் வேலி வரைக்கும் இழுத்துக்கொண்டு போவதையும், டீக்கடைப் பந்தலைத் தூக்கிப் பார்ப்பதையும், சைக்கிளில் எதிரே வருகிறவர்களை இறங்கி நடக்க வைப்பதையும் வழக்கமாக வைத்திருந்த காற்று, அந்த வருஷமும் தவறாமல் வந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் பின்னால் காற்றே வரவில்லை என்று சாதித்தார்கள். வந்தது. வடலிக்கரை ஊர் எல்லையைத் தாண்டி, பனங்காட்டைத் தாண்டி, பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் வந்து, அங்கே ஐந்தாம் வகுப்பு உலகம்மாள் கையில் பிடித்திருந்த ஓலைக் காற்றாடியைக் கண்டு, அப்படியே அவளோடு தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவளைச் சுற்றி ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குக் காற்று அடித்தது, அந்த அகலத்துக்கு வெளியே ஊரில் ஒரு துரும்பும் அசையவில்லை.

அந்தக் காற்றாடி பிறந்ததே ஒரு பல்வலியால்தான். வியாழக்கிழமை கடைசிப் பீரியடில் 'கைவேலை' என்று கால அட்டவணையில் எழுதியிருக்கும், எழுதியதோடு சரி. தலைமையாசிரியர் ஞானசிகாமணி சார் உள்ளே வந்து, கைவேலை என்றால் கையால் கணக்குப் போடுவதுதான் என்று சொல்லி, ஒருமுறைகூட வெட்கப்படாமல் வகுத்தல் கணக்கை ஆரம்பித்துவிடுவார். அந்த வியாழக்கிழமை அவருக்குக் கடைவாய்ப் பல் குடைந்து, கன்னம் போண்டா மாதிரி வீங்கி, வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு வந்ததால், வகுத்தலைச் சொல்ல வாய் திறக்க முடியாமல், எதையாவது செய்யுங்கள், சத்தம் மட்டும் போடாதீர்கள் என்று சைகையால் சொல்லிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு நம்பவே முடியவில்லை. பிறகு நம்பினார்கள்.

ஒருவன் தீப்பெட்டிகளைக் கோர்த்து ரயில் செய்தான், ஒருத்தி ஐஸ் குச்சிகளை ஒட்டி எலிக்குக் கட்டில் செய்தாள், சோடா மூடியைத் தட்டையாக்கி இரண்டு துளை போட்டு நூல் கோர்த்து 'ர்ர்ர்' என்று இழுத்தவர்கள் ஒரு கூட்டம். உலகம்மாள் சுவரோரத்து வடலிப் பனையில் குருத்தோலை ஒன்றைக் கிழித்து வந்தாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஓலைக் காற்றாடிக்கு நான்கு இறக்கை வைப்பார்கள், அவர்களுடைய அப்பாக்களும் நான்கு வைத்தவர்கள். உலகம்மாள் மூன்று வைத்தாள். மூன்று ஓலைத் துண்டுகளை மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் இன்னொன்றை நுழைத்து, மூன்றையும் ஒரே நேரத்தில் இழுத்து முடிச்சை இறுக்க இரண்டு கை போதாது என்பதால் மூன்றாவதைப் பல்லால் இழுத்தாள்.

"ஏட்டி, ஒனக்கு ஒரு கை கொறையுது," என்றாள் பக்கத்தில் இருந்த ஜெனிட்டா. அவள் உலகம்மாளின் உயிர்த்தோழி, ஆகையால் உலகம்மாளைப் பார்த்துச் சிரிக்க அவளுக்குத்தான் முதல் உரிமை.

"எங்கப்பா காத்தாலைக்கு மூணு கைதாம்ட்டி. அது சுத்தலையா?"

பிறந்ததிலிருந்து காற்றாலைகளுக்குக் கீழேயே வளர்ந்த பிள்ளை அப்படித்தான் நினைக்கும். ஊரைச் சுற்றிப் பனைமரங்களுக்கு மேலே பனைமரங்களாக வெள்ளை வெள்ளையாக நின்றிருந்த அந்தக் காற்றாலைகளில்தான் அவள் அப்பா பொன்னுலிங்கத்துக்கு வேலை. கோபுரத்துக்குள் ஏணியில் ஏறி, உச்சியில் ஒரு மூடியைத் திறந்து வெளியே வந்து, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நட்டு முறுக்குவார், கிரீஸ் போடுவார். கீழேயிருந்து பார்த்தால் எறும்பு அளவுக்குத் தெரிவார். கணக்கு வகுப்பில் ஜன்னலோர இடத்துக்காக உலகம்மாள் சண்டை போட்டதற்கும், அப்பா மேலே இருக்கிற வரைக்கும் மத்தியானச் சோறு அவளுக்குத் தொண்டையில் இறங்காததற்கும் காரணம் அதுதான். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. பயத்தைச் சொன்னால் அது பயத்தின் காதிலேயே விழுந்து, பயமும் அப்பா பின்னால் ஏணியில் ஏறிவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

முடிச்சின் நடுவில் உடைமுள்ளைக் குத்தி, முள்ளைக் காய்ந்த சோளத்தட்டையில் செருகி, ஒருமுறை ஊதினாள். சுற்றியது. ஊதுவதை நிறுத்தினாள், சுற்றியது. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓட, அவளும் ஓட, அப்போதுதான் கணவாயிலிருந்து இறங்கிய காற்று பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து சேர்ந்தது.

வடலிக்கரை இதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. காற்று யாரிடமாவது தங்க வேண்டும் என்றால் ஒரு பிள்ளையிடம் தங்குவதில் என்ன தப்பு என்று விட்டுவிட்டு, அந்தப் பிள்ளையை எப்போது நம் வீட்டுக்குக் கூப்பிடலாம் என்கிற அடுத்த கவலைக்குப் போய்விட்டார்கள். உளுந்து தூற்றுகிறவர்கள் களத்துக்குக் கூப்பிட்டார்கள். துணி துவைத்தவர்கள் கொடிக்குக் கீழே கொஞ்சம் நடந்துவிட்டுப் போ தாயி என்றார்கள். கல்யாண வீட்டில் கரண்ட் போனதும் மாப்பிள்ளைக்கு வியர்க்கிறது என்று ஆள் அனுப்பினார்கள், அவள் போய் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்ததால் எல்லாப் போட்டோவிலும் அவள் இருக்கிறாள். தொட்டிலில் அழுத பிள்ளைகள் அவள் தெருவுக்குள் நுழைந்ததும் தூங்கின. மாதா கோயில் கொடியேற்றமும் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவும் ஒரே வாரத்தில் வந்தபோது, கொடி பறக்க வேண்டும் என்று அவர்களும், தீச்சட்டிக் கங்கு அணையக் கூடாது என்று இவர்களும் அவளைக் கேட்டு, கடைசியில் காலையில் அங்கே மாலையில் இங்கே என்று நல்லபடியாகப் பேசி முடித்தார்கள். டீக்கடை தாவீது மட்டும் யாரிடமும் பேசாமல், பெஞ்சின் ஓரத்தில் அவளை உட்காரவைத்து, சீனி தூக்கலாக ஒரு பாலும் பெரிய முறுக்கும் கொடுத்தான், அவள் முறுக்கைக் கடித்து முடிக்கிற வரைக்கும் அவன் கடையில் கூட்டம் குறையவில்லை.

அவளைக் கண்டாலே விரட்டிய ஒரே ஆள் அவள் அம்மா செண்பகம். பீடி சுற்றுகிறவள் மடியில் முறமும், முறத்தில் புகையிலைத் தூளுமாக உட்கார்ந்திருக்கும்போது, பெற்ற மகள் காற்றையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? வீடே தும்மியது. "ஏட்டி, ஒன் சேக்காளிய வெளிய நிப்பாட்டிட்டு உள்ள வா!" என்று அவள் கத்துவாள். உலகம்மாள் காற்றாடியைக் கூரை ஓரத்து இறவாணத்தில் செருகிவிட்டு உள்ளே வருவாள், காற்று வாசலில் நாய்க்குட்டி மாதிரி சுற்றிச் சுற்றி வரும்.

ஜெனிட்டாவும் மூன்று இறக்கையில் ஒன்று செய்தாள். காற்றில் ஒரு துண்டு பிரிந்து அவளோடு போனது. பிறகு ஐந்தாம் வகுப்பே செய்தது, காற்று துண்டு துண்டாகி, தெருவுக்கு ஒன்றாக, பிள்ளைகளின் பின்னால் அலைந்தது. ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பொடிசுகளுக்கு முடிச்சு இறுகவில்லை. பெரியவர்கள் முடிச்சைப் பிரமாதமாகப் போட்டார்கள், ஆனால் அவர்கள் செய்ததில் ஒன்றும் வந்து தங்கவில்லை. ஞானசிகாமணி சார்கூட ரகசியமாக ஒன்று செய்து, பீரோவுக்குள் வைத்து, அவ்வப்போது திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது ஊருக்கே தெரியும்.

இவ்வளவு சந்தோஷத்துக்கும் மேலே, காற்றாலைகள் எல்லாம் கையை விரித்தபடி சும்மா நின்றன.

பார்க்கிறவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள், ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரியும், காரணத்தைப் பிள்ளையிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியரம்மா கவுசல்யா ஜீப்பில் வந்து, காற்று அளக்கும் கருவியை மேட்டிலும் பள்ளத்திலும் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒரு சந்தில் திரும்பும்போது உலகம்மாள் எதிரே வர, கருவி முள் சட்டென்று கடைசிக்குப் போய் முட்டியது.

"ஏங்கண்ணு, உன்ற கையில இருக்கிறதை நீயேவா செஞ்சே?" என்று கேட்டுவிட்டு, அவர் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, கலைந்த தலைமுடியோடு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்கு என்னவென்று எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. காற்று இல்லை என்று எழுதினார். கம்பெனியும், காற்று இல்லாத ஊரில் ஆட்கள் எதற்கு, எல்லோரும் ராஜஸ்தானுக்குப் போங்கள் என்று பதில் சொல்லிவிட்டது.

பொன்னுலிங்கம் அன்று சாயங்காலம் வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டு, கை துடைத்த பிறகுதான் அதைச் சொன்னார். செண்பகத்தின் மடியில் முறம் அப்படியே நின்றது.

"எத்தனை நாளைக்கு?"

"நாளுன்னு இல்ல. வருஷக் கணக்கு. தீவாளிக்கு விடுவாவளாம்."

"பிள்ள மூஞ்சியப் பாக்காம நீங்க அங்க ஒரு நாள் இருப்பியளா?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உலகம்மாளுக்கு, தாவீது மாமா முறுக்குக் கொடுக்கும்போது ஏன் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார் என்பதும், ஜெனிட்டா இரண்டு நாளாக எதையோ சொல்ல வந்து ஏன் மென்று விழுங்கினாள் என்பதும் ஒரே நொடியில் விளங்கிவிட்டன. காற்றாடியை இறவாணத்திலிருந்து உருவி, அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். காற்று அதைத் தேடி வீட்டுக்குள் புகுந்து, பெட்டிக்குள் போக வழி காணாமல் முட்டி மோத, தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது, புகையிலைத் தூள் தெருவெல்லாம் பறந்தது, எதிர்வீட்டுக்காரர்கள் தும்மிக்கொண்டே ஓடி வந்தார்கள். அவள் பெட்டியைத் திறந்து காற்றாடியை எடுத்து, பல்லால் இழுத்து இறுக்கிய அந்த முடிச்சில் இரண்டு கட்டைவிரலையும் வைத்தாள். கிழிக்கத்தான். அழுதுகொண்டேதான்.

பொன்னுலிங்கம் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் ஏறிக் கறுத்த கை.

"கிழிக்காத மக்கா."

"இதாலதான நீங்க போணும்?"

"அது ஒன்னயத் தேடி வந்திருக்கு. வந்தவியள வெரட்டக் கூடாது."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். சோளத்தட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நீங்க போற எடத்துக்கே கூட்டிட்டுப் போங்க."

"ராஜஸ்தானுக்கா?"

"இல்லப்பா, மேல," என்று அவள் பனைகளுக்கு மேலே கையைக் காட்டினாள்.

மறுநாள் காலையில் ஊரே காற்றாலை அடியில் கூடியிருந்தது. பொன்னுலிங்கம் சோளத்தட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏணியில் ஏற, காற்றும் கோபுரத்துக்குள் நுழைந்து அவர் பின்னாலேயே படிப்படியாக ஏறியது. உள்ளே அது ஊளையிட்டுக்கொண்டு ஏறிய சத்தம் கீழே நின்றவர்களுக்குப் புல்லாங்குழல் மாதிரி கேட்டது. உலகம்மாள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினாள். உச்சியில் மூடி திறந்தது, எறும்பு வெளியே வந்தது, எறும்பு குனிந்து எதையோ செருகியது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பெரிய கைகளில் ஒன்று, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் கை மாதிரி, மெல்ல இறங்கியது. அடுத்தது இறங்கியது. தாவீது விசிலடித்தான், செண்பகம் மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள், உலகம்மாள் திமிறி இறங்கிப் பனைகளுக்கு நடுவே தலைகால் புரியாமல் ஓடினாள், மேலே காற்றாலை வெறிபிடித்த மாதிரி சுற்றியது. ஓடிக் களைத்து அவள் உட்கார்ந்தாள். காற்றாலை நின்றது.

கூட்டம் 'ஐயோ' என்றது. இன்ஜினியரம்மா கருவியைத் தட்டிப் பார்த்தார். ஜெனிட்டாதான் முதலில் கண்டுபிடித்தாள். "ஏட்டி உலகு, எந்திச்சு ஓடு பாப்போம்!" அவள் எழுந்து ஓடினாள். சுற்றியது. நின்றாள். நின்றது. நடந்தாள், அதுவும் சோம்பலாக நடந்தது.

அதனால்தான் கம்பெனி ஆட்களும் மின்சார வாரிய ஆட்களும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமையாசிரியர் அறையில் இடமில்லாமல் நின்றுகொண்டு, பிள்ளைகளைத் தயவுசெய்து விளையாட விடுங்கள் என்று கேட்கிற நிலைமை வந்தது. ஞானசிகாமணி சார் தன் வாழ்நாளில் இப்படி ஒரு சோதனையைச் சந்தித்ததில்லை.

"அப்போ தசம பின்னத்தை யார் நடத்துவது? நீங்கள் நடத்துவீர்களா?" என்று அவர் இன்ஜினியரம்மாவைக் கேட்டார்.

"சார், அவிய உக்காந்து கணக்குப் போட்டா, இங்க சுத்துவட்டாரமே இருட்டுல உக்காரணும்," என்றார் பொன்னுலிங்கம் மிகுந்த பணிவோடு.

சார் பீரோவை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு சமரசத்துக்கு ஒப்புக்கொண்டார். விளையாட்டுப் பீரியடும் கைவேலைப் பீரியடும் அட்டவணையில் எழுதியபடியே நடக்கும், அதற்கு மேல் வாய்ப்பாட்டு நேரத்திலும் பிள்ளைகள் ஓடலாம், ஆனால் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். அன்றிலிருந்து வடலிக்கரைப் பிள்ளைகள் மூச்சிரைக்காமல் பெருக்கக் கற்றார்கள். ஜெனிட்டாவின் காற்றாடி பக்கத்துக் காற்றாலைக்கு ஏறியது, தீப்பெட்டி ரயில்காரனுடையது குளத்தங்கரைக் காற்றாலைக்கு, இப்படி ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு பிள்ளை ஆயிற்று. இன்ஜினியரம்மா கம்பெனிக்குக் காற்று வந்துவிட்டது என்று மட்டும் எழுதினார், பொன்னுலிங்கம் கட்டிவைத்த பையை அவிழ்த்தார். செண்பகம் அந்தப் பையில் பீடி இலையைப் போட்டு வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் அவள் நிம்மதியாகப் பீடி சுற்றினாள், தெருவில் அம்மாக்கள் யாரும் பிள்ளைகளைத் தேடிக் கத்துவதில்லை. வாசலில் வந்து மேலே பார்ப்பார்கள். பாய்ந்து சுற்றினால் பிள்ளை நொண்டி விளையாடுகிறது, விட்டு விட்டுச் சுற்றினால் ஒளிந்து விளையாடுகிறது, இரண்டு காற்றாலை ஒரே நேரத்தில் நின்றால் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டார்கள். ஒரு நாள் முற்பகலில், உச்சியில் நட்டு முறுக்கிக்கொண்டிருந்த பொன்னுலிங்கத்தின் பக்கத்தில், வகுப்பு நேரத்தில் நிற்க வேண்டிய ஓலைக் காற்றாடி தள்ளாடித் தள்ளாடிச் சுற்றியது. அவர் ஸ்பானரைப் போட்டுவிட்டு இறங்கி, பள்ளிக்கூடத்துக்கு ஓடி, வகுப்புக்குள் புகுந்து மகளின் நெற்றியைத் தொட்டார். கொதித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனிட்டாவுக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

காய்ச்சலில் கிடந்தபோது உலகம்மாள் அவரைக் கேட்டாள், "நான் கீழ எப்படி இருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியுது. நீங்க மேல எப்படி இருக்கியன்னு எனக்கு எப்படித் தெரியும்?" இவ்வளவு காலம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைக் காய்ச்சல் வாயில் சொல்லிவிட்டாள். பொன்னுலிங்கம் அவள் நெற்றியில் ஈரத் துணியை மாற்றிப் போட்டார்.

காற்றுக் காலம் முடிந்து, மழை பெய்து, முழுப்பரீட்சை வந்து, அடுத்த ஆனியில் உலகம்மாள் பஸ் ஏறி டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஆறாம் வகுப்புக்குப் போனாள். அந்தப் பக்கத்துக் காற்றுக்கு ஆறாம் வகுப்பில் என்ன கோபமோ, அவள் எவ்வளவு ஓடியும் காற்றாலை அசையவில்லை. முதல் நாள் சாயங்காலம் சீருடையைக்கூட மாற்றாமல் அவள் கோபுரத்தடியில் வந்து நின்றாள்.

"நின்னுருச்சுப்பா."

"ஆமா."

"அப்ப ராஜஸ்தானுக்குப் போணுமா?"

"ஏன் போணும்? புது அஞ்சாங் கிளாஸ் இன்னைக்கே ஓலை கிழிச்சாச்சு. ஞானசிகாமணி சாரே நின்னு முடிச்ச இழுக்கச் சொல்லிக் கொடுக்காரு, பல்லால," என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மறுநாள் மத்தியானம் புதுப் பிள்ளை ஒருத்தியின் பச்சை ஓலைக் காற்றாடியை மேலே கொண்டு போனார். இன்ஜினியரம்மா இறக்கி வரச் சொன்ன உலகம்மாளின் பழையதை இறக்காமல், அதன் பக்கத்திலேயே, மூடியின் இடுக்கில் செருகி வைத்தார். வெயிலில் காய்ந்து மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, காற்றுக்கு வேண்டாததாகிப்போன அந்த மூன்று இறக்கையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்று தெரிந்தும் ஒருமுறை வெட்கப்பட்டுவிட்டு, குனிந்து, வாயைக் குவித்து, ஊதினார்.

அதே நேரத்தில் டவுன் பள்ளிக்கூடத்தில், ஜன்னல் இல்லாத சுவரோரமாக, காற்றாலை ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து, திறக்காத சோற்று டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்த உலகம்மாளின் நெற்றியில், முன்மயிர் லேசாகப் பறந்தது. மின்விசிறி ஓடவில்லை, பக்கத்துப் பெண்ணின் நோட்டுத் தாள் அசையவில்லை. காற்றில் கொஞ்சம் கிரீஸ் வாசமும் கொஞ்சம் பீடி இலை வாசமும் இருந்தன. அவள் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.